ஸ்கர்டிங்கை முதலில் முடிவு செய்யுங்கள்: பழைய வீட்டுக்குப் புதிய டைல்ஸ் போடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

"ஸ்கர்டிங்தானே சார், கடைசில பாத்துக்கலாம்." எங்கள் வீட்டுத் தரையை மாற்றியபோது மேஸ்திரி சொன்னது இது. ஸ்கர்டிங் என்றால் தரையை ஒட்டி சுவரின் அடியில் ஓடும் டைல்ஸ் பட்டை. நானும் தலையாட்டினேன். கடைசியில் பார்த்தபோது ஐந்து டைல்ஸ் குறைந்தது. கடைக்குப் போனால் அதே பெயர், அதே டிசைன், ஆனால் பெட்டியில் வேறு ஷேடு எண். வாங்கி வந்து வைத்தால் தரை பால் வெள்ளை, ஸ்கர்டிங் மோர் வெள்ளை. வருகிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை. எனக்கு மட்டும் வாசலிலிருந்தே தெரிகிறது. போதாததற்கு, பீரோ சுவரை ஒட்டாமல் முக்கால் அங்குலம் தள்ளி நிற்கிறது. அந்த இடுக்கில் விழுந்த சீப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஸ்கர்டிங்கை ஒட்டுவது கடைசியில்தான். ஆனால் அதைப் பற்றிய முடிவுகள் எல்லாம் டைல்ஸ் வாங்கப் போவதற்கு முன்பே எடுக்க வேண்டியவை. எந்தெந்த முடிவுகள், எந்த வரிசையில் என்பதைச் சொல்கிறேன்.

இது எதற்கு

சுவரின் அடியில் ஓடும் இந்த 4 அங்குலப் பட்டை அழகுக்காக மட்டும் வந்ததில்லை. தினமும் மாப் போடுகிறோம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தள்ளுகிறோம். அந்த அழுக்குத் தண்ணீர் சுவர்ப்பூச்சில் ஏறாமல் இருக்கத்தான் இது. பழைய ரெட் ஆக்சைடு வீடுகளில் தரை சிவப்பாகவும் சுவரோரப் பட்டை கறுப்பாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாப் படிந்த கறை தெரியாமலிருக்கக் கறுப்பு வசதிதானே.

இன்னொரு வேலையும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. தரை டைல்ஸை சுவரில் முட்ட வைத்துப் போடக்கூடாது, சுற்றிலும் 5 முதல் 8 மி.மீ. இடைவெளி வேண்டும். வெயிலிலும் ஈரத்திலும் தரை கொஞ்சம் விரியும், சுருங்கும். இடமே இல்லாமல் இறுக்கிப் போட்ட தரையில் ஒருநாள் "டம்" என்ற சத்தத்தோடு இரண்டு டைல்ஸ் கூடாரம் போல எழும்பி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இடைவெளியை மூடி மறைப்பது ஸ்கர்டிங்தான்.

பழையதை எடுப்பதா, விடுவதா

பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் போடுகிறீர்கள் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, பழைய ஸ்கர்டிங்கும் போக வேண்டியதுதான். சிக்கல் வருவது பழைய தரை மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டும்போது.

அப்படி ஒட்டினால் 9 மி.மீ. டைல்ஸும் 4 மி.மீ. அடெசிவும் (டைல்ஸ் ஒட்டும் பசைக் கலவை) சேர்ந்து தரை சுமார் 13 மி.மீ., அதாவது அரை அங்குலம் ஏறும். பழைய ஸ்கர்டிங்கை அப்படியே விட்டால் 100 மி.மீ. உயரம் தெரிந்த பட்டை இனி 87 மி.மீ.தான் தெரியும். அது பெரிய குறையில்லை. ஆனால் மொசைக் ஸ்கர்டிங்குக்குக் கீழே பளபளக்கும் விட்ரிஃபைடு தரை என்பது பட்டுச்சேலைக்குக் கீழே ரப்பர் செருப்பு மாதிரி. போதாததற்கு, தரை டைல்ஸின் வெட்டு விளிம்பும் ஓர இடைவெளியும் மறைய வழியின்றி வெளியே தெரியும். வாடகைக்கு விடும் வீடு, செலவைக் குறைக்க வேண்டும் என்றால் இப்படி விட்டுவிடலாம். வேறெதற்கும் நான் சொல்லமாட்டேன்.

பழைய ஸ்கர்டிங் மேலேயே புதியதை ஒட்டலாமா என்று கேட்பார்கள். ஒட்டலாம், நிற்கவும் செய்யும். ஆனால் பழைய பட்டை சுவரை விட்டு ஏற்கெனவே 15 மி.மீ. வெளியே நிற்கும், அதன்மேல் இன்னொரு 12 மி.மீ. மொத்தம் ஓர் அங்குலத்துக்கும் மேல் திட்டு. தூசி உட்கார ஒரு திண்ணை கட்டித்தந்த மாதிரி. கட்டில், பீரோ, சோபா எதுவும் சுவரைத் தொடாது. ஆக, பெயர்த்து எடுப்பதே நல்லது.

வெளியே நிற்க வேண்டுமா, சுவரோடு சமமாகவா

எல்லாவற்றையும் விட முக்கியமான முடிவு இதுதான். வழக்கமான முறையில் ஸ்கர்டிங் பூச்சின் மேல் உட்காரும். சிமென்ட் கலவையில் ஒட்டினால் கலவை 10 மி.மீ., டைல்ஸ் 9 மி.மீ., சேர்ந்து முக்கால் அங்குலம் துருத்தும். அடெசிவில் ஒட்டினால் 12 மி.மீ.க்குள் அடங்கும்.

இன்னொரு முறை, பூச்சை வெட்டி உள்ளே பதிப்பது. வீட்டின் உள்சுவர்ப் பூச்சு பொதுவாக 12 முதல் 15 மி.மீ. கனம் இருக்கும். அந்தக் கனத்தை அடியில் 4 அங்குல உயரத்துக்கு எடுத்துவிட்டால் டைல்ஸும் அடெசிவும் அந்தப் பள்ளத்திலேயே அடங்கிவிடும். சுவரும் பட்டையும் ஒரே மட்டம். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருக்கும். பழைய ஸ்கர்டிங்கைப் பெயர்க்கும்போது பூச்சும் சேர்ந்து வந்துவிடும் என்பதால், பழைய வீட்டில் இந்தப் பள்ளம் பாதி தானாகவே கிடைத்துவிடுகிறது. புதுப்பிக்கும் வேலையில் இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

ஆனால் ஒன்று. சமமாகப் பதிக்கும் ஸ்கர்டிங் தரையோர இடைவெளியைத் தானாக மறைக்காது. தரை டைல்ஸ் பூச்சு முகத்தோடு நின்றுவிட்டால் இடைவெளி அப்படியே கண்ணில் படும். எனவே பள்ளத்தை முதலில் வெட்டிவிட்டு, தரை டைல்ஸ் அந்தப் பள்ளத்துக்குள் 5, 6 மி.மீ. நுழையுமாறு போட வேண்டும். செங்கலுக்கும் டைல்ஸுக்கும் நடுவே மிச்ச இடம் காலியாக இருக்கும். அதன்மேல் ஸ்கர்டிங் வந்து உட்காரும். தரை போட்டு முடித்த பிறகு "சமமா வேணும்" என்று சொன்னால், புதுத் தரை மேல் உளி விழும், தூசி பறக்கும், நான்கு டைல்ஸ் மூலை உடையும். இப்போது புரிகிறதா, ஏன் முதலிலேயே சொல்லச் சொல்கிறேன் என்று?

பதிக்கும் முறையில் கூடுதல் கவனம் வேண்டியது நாலரை அங்குலச் சுவரில். அறைகளைத் தடுக்கும் அந்த மெல்லிய சுவரில் கீழே வரிசையாகக் கொத்தினால் மறுபக்கப் பூச்சு விரிசல் விடும். அங்கே பிரேக்கர் இயந்திரத்தை அனுமதிக்காதீர்கள். கிரைண்டரால் கோடு கீறி, கையால் மெல்லத் தட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

எத்தனை டைல்ஸ் கூடுதலாக வாங்குவது

2×2 என்று நாம் சொல்லும் டைல்ஸ் உண்மையில் 600×600 மி.மீ. முழு இரண்டடி 609.6 மி.மீ., அதைவிடக் கொஞ்சம் குறைவு. இதை 4 அங்குலப் பட்டைகளாக வெட்டினால் 6 துண்டு. ஐந்து வெட்டு, ஒவ்வொரு வெட்டிலும் பிளேடு சுமார் 2 மி.மீ. தின்னும். அதனால் ஒவ்வொரு பட்டையும் 100 மி.மீ. வராது, 98 வரும். யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் "சரியா 4 அங்குலம்" என்று அடம்பிடித்தால் ஒரு டைல்ஸில் 5 துண்டுதான் தேறும், மிச்சம் குப்பைக்குப் போகும். 98-க்கு ஒத்துக்கொள்ளுங்கள்.

6 துண்டு, ஒவ்வொன்றும் 600 மி.மீ. நீளம். ஒரு டைல்ஸுக்கு சுமார் 11¾ ரன்னிங் அடி, அதாவது நீளக் கணக்கில் அடி. உடைசல், மூலை வெட்டு போக 11 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10×12 அறையின் சுற்றளவு 44 அடி, கதவுக்கு 3 அடி கழித்தால் 41. நான்கு டைல்ஸ். 2×2 டைல்ஸ் பெரும்பாலும் பெட்டிக்கு நான்காகத்தான் வருகிறது. ஆகவே நடுத்தர அளவு அறை ஒன்றுக்கு ஸ்கர்டிங் கணக்கில் ஒரு பெட்டி என்று மனதில் வைத்தால் போதும். தரைப் பரப்புக்கும் அதன் சேதாரத்துக்கும் போட்ட கணக்குக்கு மேல் இது தனி. எங்கள் வீட்டில் விட்டுப்போனது இந்த வரிதான்.

தரையில் வெட்டி மீந்த துண்டுகளையே ஸ்கர்டிங்குக்கு ஓட்டிவிடலாம் என்பார் மேஸ்திரி. ஓரளவு உண்மை. ஓரத்தில் 8 அங்குலம், 10 அங்குலம் அகலத் துண்டுகள் நிறைய விழுந்தால் அவற்றிலிருந்து பட்டை எடுக்கலாம். ஆனால் அதை நம்பிக் குறைத்து வாங்காதீர்கள். மீந்தால் கடையில் திருப்பி எடுப்பார்களா என்று வாங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளலாம்.

பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் ஷேடு, பேட்ச் எண்கள் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். நம் ஊருக்கு வரும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. ஒரு சூளை ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நிறம் இம்மி மாறும், சில சமயம் அளவும் மாறும். மூன்று மாதம் கழித்துப் போய் "அதே டைல்ஸ்" கேட்டால் கிடைப்பது அதன் தம்பிதான்.

மேல் விளிம்பு யாருக்குத் தெரியும்? எல்லோருக்கும்

ஒரு டைல்ஸிலிருந்து எடுக்கும் 6 பட்டைகளில் இரண்டுக்கு மட்டும்தான் ஒரு பக்கம் கம்பெனி விளிம்பு இருக்கும். நடுவில் உள்ள நான்கும் இரு பக்கமும் வெட்டு விளிம்பு. பட்டை சுவரை விட்டு வெளியே நின்றால் அந்த மேல் விளிம்பு மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் நேராகப் படும்.

இங்கே டைல்ஸ் வகை முக்கியம். ஃபுல் பாடி டைல்ஸ் என்றால் உள்ளும் வெளியும் ஒரே நிறம். விளிம்பை மோல்டிங் அடித்து (உருட்டித் தேய்த்து) பாலிஷ் போட்டால் கிரானைட் போல வந்துவிடும். டபுள் சார்ஜில் மேலே 3 மி.மீ. அளவுக்குத்தான் நிறம், அதற்குக் கீழே வேறு நிறம். லேசாகச் சரித்துத் தேய்த்தால் சமாளிக்கலாம். மேலே டிசைன் அச்சிட்டு கிளேஸ் பூசிய டைல்ஸில், இப்போது அதிகம் விற்பது அதுதான், பாலிஷ் போடப் போட உள்ளிருக்கும் மண் நிறம் வெளியே வரும். மரக்கட்டை டிசைன் பட்டையின் தலையில் சாம்பல் கோடு. அதற்கு மூன்று வழி: சுவரோடு சமமாகப் பதித்துவிடுவது, மேல் விளிம்பில் மெல்லிய அலுமினிய ஓரப்பட்டை (புரொபைல்) வைப்பது, அல்லது சுவருக்குப் பூசும் பட்டியை வைத்து சரிவாக இழுத்து சுவர் நிறத்தையே அடித்துவிடுவது. மூன்றாவதுதான் ஊரில் பெரும்பாலும் நடக்கிறது. இரண்டு வருடம் நன்றாக இருக்கும், அப்புறம் துடைப்பம் பட்டுப் பட்டுப் பெயரும்.

தரையிலிருந்து வேறுபட்ட நிறத்தில், கறுப்பு கிரானைட்டிலோ அடர் நிற டைல்ஸிலோ தனியாக ஸ்கர்டிங் வைப்பதும் உண்டு. நன்றாகவே இருக்கும். ஆனால் நான்கு மூலையும் நேராக இல்லாத பழைய அறையில், கோணலை அடிக்கோடு போட்டுக் காட்டிவிடும்.

உடைக்கும் நாள்

முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, எந்தச் சுவரில் ஒயர் பைப் கீழே இறங்குகிறது என்று பாருங்கள். தாழ்வான பிளக் பாயின்டுக்கு அடியிலும், பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரிலும் கவனம் தேவை. தண்ணீர்க் குழாய் அங்கேதான் ஓடும். வெட்டும் இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டுமே என்றால், அந்த அறையின் எம்சிபியை (அந்த அறைக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச்) மட்டும் இறக்கிவிட்டு வேறு அறையிலிருந்து ஒயர் இழுங்கள்.

எடுத்தவுடன் உளியை வைத்து அடித்தால் பட்டையோடு முழங்கால் உயரத்துக்குப் பூச்சும் பாளம் பாளமாக வந்துவிடும். புதிய தரைமட்டத்தை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பட்டையின் உயரம், கூட 3 மி.மீ. என்று சுவர் முழுக்கக் கோடு போடுங்கள். பழைய ஸ்கர்டிங் 6 அங்குலமாக இருந்தால் அதன் தலைக்குத்தான் கோடு. இடைப்பட்ட 2 அங்குலத்தைப் பிறகு பூசிக்கொள்ள வேண்டும், அல்லது புதியதையும் 6 அங்குலமாக்கிவிடலாம். நூலை நீலத்தில் நனைத்துத் தட்டினால் கோடு நேராக விழும். அந்தக் கோட்டில் கிரைண்டரால் 10, 12 மி.மீ. ஆழம் கீறிவிட்டு, பிறகு கீழே இருந்து உளியைக் கொடுங்கள். கீறலோடு பூச்சு நின்றுவிடும். மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். காய்ந்த சுவரைக் கீறும்போது வரும் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. அறைக் கதவின் இடுக்கில் ஈரத்துணி வைத்தால் பக்கத்து அறையாவது தப்பிக்கும்.

செங்கல் தெரிந்ததும் கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று ஈரமாக இருக்கிறதா, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? அப்படியென்றால் சுவரில் ஓதம் ஏறுகிறது. இந்த இடத்தில் அவசரப்பட்டு டைல்ஸ் ஒட்டி மூடிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மூடினால் ஈரம் போய்விடாது. டைல்ஸ் வழியாக வெளியேற முடியாமல் இன்னும் மேலே ஏறி, பட்டைக்கு மேலே ஓரடி உயரத்தில் பெயின்ட்டை உப்ப வைக்கும். "முன்னாடி கீழதான் இருந்துச்சு, இப்ப மேலயும் வந்துடுச்சு" என்று புலம்புகிறவர்கள் வீட்டில் நடந்தது இதுதான். மறுபக்கம் பாத்ரூம் இருந்தால் குழாய்க் கசிவா என்று முதலில் பார்க்க வேண்டும். வெளிச்சுவர் என்றால் வெளியே மண் உள்தரையை விட உயரமாகக் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். காரணத்தைச் சரிசெய்து, சுவரை சில வாரமாவது காயவிட்டு, உப்பை பிரஷ்ஷால் தேய்த்தெடுத்த பிறகுதான் அடுத்த வேலை.

தரை போடும்போது

தரை வேலையைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லப்போவதில்லை. ஸ்கர்டிங்குக்காகப் பார்க்க வேண்டியது இரண்டுதான். ஓர இடைவெளியில் கலவை விழுந்து இறுகாமல் அன்றன்றைக்கே கரண்டி முனையால் சுரண்டிவிட வேண்டும். இரண்டாவது, ஓர வரிசை டைல்ஸ் மட்டமாக இருக்க வேண்டும். ஓரம் எப்படியும் மறையும் என்று அங்கே சரியாகத் தட்டாமல் விட்டால், ஸ்கர்டிங்குக்கு அடியில் ஒரு இடத்தில் 1 மி.மீ., இன்னொரு இடத்தில் 5 மி.மீ. என்று கோடு பல்லிளிக்கும்.

கதவுகளையும் இப்போதே கழற்றி அடியை இழைக்கக் கொடுத்துவிடுங்கள். பழைய தரை மேலேயே ஒட்டியிருந்தால் தரை அரை அங்குலம் ஏறியிருக்கும் அல்லவா.

ஒட்டும் வேலை

தரை போட்டு ஒரு நாளாவது கழிந்த பிறகு, தரை மேல் அட்டையோ சாக்கோ விரித்து ஆரம்பிக்கலாம். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கும் குறைவு. சிமென்ட் பால் ஒட்டுவதற்கு அது பிடி கொடுக்காது. வெறும் சிமென்டில் ஒட்டிய ஸ்கர்டிங் கட்டில் கால் இடித்த அன்றே கையோடு வருவது இதனால்தான். ஐஎஸ் 15477 என்று போட்டிருக்கும் அடெசிவ் மூட்டை வாங்குங்கள். மூட்டையின் மேலேயே எந்த வகை டைல்ஸுக்கு, எந்தத் தளத்துக்கு என்று எழுதியிருக்கும். பட்டையின் பின்பக்கம் முழுக்கத் தடவ வேண்டும். நடுவில் இரண்டு உருண்டை வைத்து அமுக்குவது வேகமான முறைதான், ஆனால் உள்ளே கூடு விழும், கரப்பானும் எறும்பும் குடியேறும். பெயின்ட் அடித்த பூச்சு மேல் ஒட்டுவதாக இருந்தால் பெயின்ட்டைச் சுரண்டிக் கொத்திவிட்ட பிறகே ஒட்ட வேண்டும்.

வெளி மூலையிலிருந்து தொடங்கி உள் மூலையில் முடியுங்கள். தூண், சுவர் முனை போன்ற வெளி மூலைகள்தான் கண்ணில் படும், அங்கே முழுத் துண்டு வரட்டும். துண்டு துக்கடா எல்லாம் கதவுக்குப் பின்னால் போகட்டும். தரை ஜாயின்டும் ஸ்கர்டிங் ஜாயின்டும் ஒரே கோட்டில் வர வேண்டும். மேஸ்திரியின் கைத்திறனை அறிய நான் பார்ப்பது இந்த ஒரு இடம்தான். பட்டைக்கு அடியில் 2 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி விடுவதற்கான சிறு துண்டு) வைத்து, மேலே நூல் கட்டி, ரசமட்டம் வைத்து ஒட்ட வேண்டும். சுவர் உள்வாங்கிய இடத்தில் அடெசிவைக் கொஞ்சம் கனமாக்கி நேர்க்கோட்டுக்குக் கொண்டுவரலாம். அலை அலையான பழைய சுவரில் 4 அடி நீளப் பட்டை வேண்டாம், 2 அடித் துண்டுகளே சுவரோடு ஒத்துப்போகும்.

வெளி மூலைக்கு 45 டிகிரி வெட்டு. கத்தி முனை போலக் கூராக்கிவிடாமல் முகப்பில் 1 மி.மீ. விட்டு வெட்டினால் முனை சிதறாது. பழைய வீட்டு மூலை 90 டிகிரியாகவும் இருக்காது, எனவே மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகே வெட்ட வேண்டும். உள் மூலைக்கு இந்தச் சிரமம் தேவையில்லை, ஒன்றோடு ஒன்றை முட்டவிட்டால் போதும். கதவு நிலையைத் தொடும் இடத்தில் நிலை சுவரோடு சமமாக இருந்து பட்டை மட்டும் துருத்தினால், அதன் முனையைச் சரிவாக வெட்டிப் பாலிஷ் போடச் சொல்லுங்கள். காலில் கீறுவது அந்த முனைதான்.

சுவரோடு கட்டப்போகும் அலமாரி, மாடுலர் கிச்சன் இருக்கும் இடத்தில் ஸ்கர்டிங் போடாதீர்கள். போட்டால் கார்பென்டர் வந்து ஒன்று பட்டையை உடைப்பார், இல்லையென்றால் பலகையை வெட்டுவார். பாத்ரூமில் சுவர் டைல்ஸே தரைவரை வருவதால் அங்கே இது தேவையில்லை. மாடிப்படிக்கு மட்டும் கூலியைத் தனியாகப் பேசுங்கள். ஒவ்வொரு படிக்கும் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் தனி அளவு. ரன்னிங் அடிக் கணக்கில் பேசிவிட்டால் வேலையின் நடுவில் மனஸ்தாபம் வரும்.

ஜாயின்ட், பெயின்ட்

மறுநாள் ஸ்பேசரைப் பிடுங்கிவிட்டு, துண்டுகளுக்கு நடுவே தரைக்குப் போட்ட அதே நிற கிரவுட்டை நிரப்புங்கள். தரையும் பட்டையும் சேரும் கோட்டில் மட்டும் நான் கிரவுட்டுக்குப் பதில் அதே நிற சிலிகான் சீலன்ட் வைப்பேன். அந்தக் கோட்டில்தான் தரை அசையும். கிரவுட் முடி போல விரிசல் விடும், சீலன்ட் வளைந்து கொடுக்கும். செலவு கொஞ்சம் கூடும். வெறும் வெள்ளை சிமென்டை இழுத்துவிட்டுப் போக மட்டும் விடாதீர்கள், ஆறு மாதத்தில் கறுத்துவிடும்.

ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு பட்டையையும் தட்டிப் பாருங்கள். "டொக்" என்று வெற்றொலி வந்தால் கூலியைத் தீர்ப்பதற்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் பெயின்டர். பட்டியும் பெயின்ட்டின் முதல் கோட்டும் ஸ்கர்டிங்குக்கு முன்பே முடிந்திருந்தால் நல்லது. பட்டையின் தலையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மேலே இருக்கும் மெல்லிய இடுக்கைப் பட்டியால் அடைத்து, கடைசிக் கோட்டு அடிக்கலாம். டேப்பைப் பெயின்ட் முழுக்கக் காய்வதற்கு முன்பே உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட்டும் சேர்ந்து உரியும்.

மீந்த டைல்ஸில் நான்கையாவது பரணில் ஏற்றிவையுங்கள். ஷேடு எண் அச்சிட்ட பெட்டி அட்டையையும் கிழித்து அதோடு வையுங்கள். எங்கள் பரணில் பால் வெள்ளையில் ஒன்றுமில்லை, மோர் வெள்ளையில் மூன்று இருக்கிறது.